சென்னைத் தெருவில் ஓடும் ஸ்பிட்ஃபயருக்கு என்ன சஸ்பென்ஷன் போடுவது?

உங்களிடம் இருப்பது 1968 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின், பெயின்ட், சீட் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, மிச்சம் சஸ்பென்ஷன்தான். வீடு வேளச்சேரி. வாரத்தில் இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டுவீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருவீர்கள். ஒரு அங்குலம் இறக்கும் கடினமான ஸ்பிரிங், எல்லா இடத்துக்கும் பாலியூரித்தேன் புஷ் (மூட்டுகளில் இரும்பும் இரும்பும் உரசாமல் இடையே வைக்கும் குழல்), நான்கு அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர் சேர்ந்த ஒரு கிட்டை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஷாக்கை வரவழையுங்கள். ஸ்பிரிங் வேண்டாம். புஷ்ஷில் பாதி போதும். மிச்சமாகும் பணத்தைப் பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் காரில் கவனம் போக வேண்டிய இடம் அதுதான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உயரம். கம்பெனியிலிருந்து வந்தபோது ஸ்பிட்ஃபயரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே சுமார் 5 அங்குலம், அதாவது 12.7 சென்டிமீட்டர். ஒரு அங்குலம் இறக்கினால் 10.2. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். ஆனால் அதன் அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். உங்கள் காரின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 83 அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்தால், அப்படி ஒழுங்காகக் கட்டிய வேகத்தடையில் கார் ஏறி நிற்கும்போது வயிற்றுக்குக் கீழே தடை புடைத்து வருவது 3.3 சென்டிமீட்டர்தான். இறக்கிய கார்கூடத் தாராளமாகத் தாண்டிவிடும். நம் தெருக்களில் இருப்பது அது இல்லையே. ஒன்றரை அடி அகலத்தில், அதே 10 சென்டிமீட்டர் உயரத்தில், அந்தத் தெருக்காரர்களே ஒரு ராத்திரியில் தாரைக் கொட்டிக் கட்டியதுதான் நாம் தினமும் ஏறி இறங்குவது. முன்சக்கரம் தாண்டி இறங்கியதும் தடை முழுசாகக் காருக்கு அடியில் வந்துவிடும், நான்கு சக்கரமும் சமதரையில் நிற்கும். அப்போது 10.2-ல் 10 போனால் மிச்சம் 2 மில்லிமீட்டர். ஆள் ஏறி, டேங்க் நிரம்பி, முன்பக்கம் குதித்து இறங்குவதையும் சேர்த்தால் அந்த இரண்டும் இல்லை. சைலன்சர் குழாயும் சேஸிஸின் பக்கக் கைகளும்தான் அடி வாங்கும். தடையைச் சாய்வாக ஏறித் தாண்டுவது ஒரு வழிதான், ஆனால் பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது எத்தனை தடவை அது முடியும்?

அடுத்தது ஸ்பிரிங்கின் கடினம். ஸ்பிரிங் கடினமா மென்மையா என்பதை விற்பவர் தரும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். காரின் எடையில் சக்கரம் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்று பாருங்கள். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் அந்தக் கார் நொடிக்கு ஒரு முறை ஆடும். 10 சென்டிமீட்டர் என்றால் 1.6 முறை. 5 சென்டிமீட்டர் என்றால் 2.2 முறை. ரோட்டில் ஓடும் சாதாரணக் கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இருக்கும், பழைய ஸ்போர்ட்ஸ் கார் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இரண்டைத் தாண்டினால் அது ரேஸ் காரின் எல்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அது சரி, அங்கே தார் வழவழவென்று இருக்கும், சக்கரம் தரையை விடாது. மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய ரோட்டில் அதே ஸ்பிரிங் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கும். காற்றில் இருக்கும் டயருக்கு ஏது பிடிப்பு? கடினமான ஸ்பிரிங் போட்ட கார் மோசமான ரோட்டில் மெதுவாகத்தான் போக முடியும், வளைவில் நம்பவும் முடியாது. எழுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் கார் இது. எடை குறைந்த காருக்குக் கடின ஸ்பிரிங் இன்னும் கேடு, அமுக்கிப் பிடிக்க அதன் மேல் கனம் இல்லை. ஆகவே முன்பக்கம் கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் போடுங்கள். ஐம்பது வருஷம் ஓடி உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றினாலே கார் எழுந்து நிற்கும்.

இனி பின்பக்கம். ஸ்பிட்ஃபயரை அது பிறந்த ஊரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காராக மட்டும் பார்ப்பார்கள். நமக்கு அது சொந்தக்காரன் வீட்டுப் பிள்ளை. டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். முன்பக்க விஷ்போன் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் முக்கோணக் கை), பின்பக்கக் குறுக்குப் பட்டை (இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்) எல்லாம் ஹெரால்டினுடையவை. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்து விற்றது. ஒரு காலத்தில் இந்த ஊரின் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய கார். அதனால் உங்கள் காரின் பின்பக்கக் குணம் இங்கே உள்ள வயதான மெக்கானிக் பலருக்கும் தெரியும்.

அந்தக் குணம் இது. எஞ்சினின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் சேஸிஸோடு நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆக்ஸில் தண்டு, உள்பக்கம் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட், வெளிநுனியில் சக்கரம். கதவு கீலில் ஆடுவதுபோல் தண்டு ஆடும், சக்கரமும் அதோடு சேர்ந்து சாயும். கார் தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், கார் எழும்பினால் கால் உள்ளே போகும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க டயரைத் தரை பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தண்டு வழியாக ஏறிக் காரின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. அந்த நேரம் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னே போகும், பின்பக்கம் இன்னும் எழும்பும். சக்கரத்தின் கால் உள்ளே மடங்கும், டயர் விளிம்பில் நிற்கும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும்.

எனக்கு இது அப்பாவின் ஹெரால்டில் நடந்தது. 1989, ஐப்பசி மழை. பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று ஒரு பட்டறையில் கொடுத்திருந்தோம். லாரிக்குச் செய்வதுபோல் ஒரு எக்ஸ்ட்ரா பட்டை சேர்த்து, வளைவையும் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கக் கார் கம்பீரமாக நின்றது, எங்களுக்கும் சந்தோஷம். மறுநாள் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு வரும்போது, மேடவாக்கம் தாண்டி ஒரு வளைவில் முன்னால் பஸ் நின்றது. காலை எடுத்தேன். பின்பக்கம் யாரோ கையால் தூக்கியதுபோல் எழும்பியது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. நின்றபோது கார் ரோட்டுக்குக் குறுக்கே இருந்தது. எதிரே வண்டி வரவில்லை, பிழைத்தோம். அப்பா இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பின்சக்கரமும் தலை வெளியே விரிந்து, கால் உள்ளே இழுத்து நின்றன. டயரில் ஈரச் சேறு வெளி விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் துடைத்துப் போயிருந்தது. அந்த ஒரு விரல் அகலத்தில்தான் காரின் பின்பாதி நின்றிருக்கிறது.

ஹெரால்டுக்காரர்கள் பலருக்கும் அவர்களுடைய மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிக்கவில்லை. 1972-ல் ஸ்டாண்டர்ட் கம்பெனி ஹெரால்டை மாற்றி கெஸல் என்று கொண்டுவந்தபோது பின்னால் இதை எடுத்துவிட்டுச் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் சாதாரண லைவ் ஆக்ஸிலே போட்டது. இங்கிலாந்தில் வேறு வழி பார்த்தார்கள். 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் பட்டைக் கட்டில் ஒரே ஒரு பட்டையை மட்டும் டிஃப்ரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றவை நடுவில் தராசுபோல் ஆடும்படி விட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேடு ஏறினால் முழுக் கட்டும் தாங்கும். கார் ஒரு பக்கம் சாயும்போது அந்த ஒரு பட்டை மட்டுமே எதிர்க்கும். பின்பக்கம் சாய்வை எதிர்ப்பது குறைந்தால் பின் டயர் தாங்க வேண்டிய பாரமும் குறையும், தூக்கிவிடும் வேகமும் அடங்கும். இதற்குப் பெயர் ஸ்விங் ஸ்பிரிங். கூடவே முன்னால், கார் சாயாமல் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரைத் தடிப்பாக, 7/8 அங்குலத்தில், போட்டார்கள். பின்னால் குறைத்ததை முன்னால் கூட்ட வேண்டும், இல்லையென்றால் கார் படகுபோல் சாயும்.

உங்கள் மார்க் 3-க்கு நான் சொல்வது இதைத்தான். கிட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஸ்விங் ஸ்பிரிங்கும் அதோடு அந்தத் தடித்த பாரும் வாங்குங்கள். இரண்டையும் சேர்த்துத்தான், ஒன்றை மட்டும் போட வேண்டாம். ஒரிஜினலாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தால் பழைய வகையிலேயே புதுக் கட்டு போடலாம், அதில் தவறில்லை, மழையில் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு காலை நிதானமாக வைத்திருக்கும் பழக்கம் வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்று வளைவுகளில் இதை மறக்கவே கூடாது. எது போட்டாலும் எக்ஸ்ட்ரா பட்டை மட்டும் சேர்க்க விடாதீர்கள். நம் ஊரில் பட்டை வேலை செய்பவர்கள் கெட்டிக்காரர்கள், லாரியிலும் வேனிலும் அவர்கள் செய்வது சரியான வேலை. அவற்றில் சக்கரம் நேராகவே நிற்கும், பட்டை எவ்வளவு ஏறினாலும் சாயாது. உங்கள் காரில் பட்டை ஏறினால் சக்கரம் சாயும். இன்னொன்று, பட்டறையில் கேம்பர் என்றால் பட்டையின் வளைவு, அலைன்மெண்ட் கடையில் கேம்பர் என்றால் சக்கரத்தின் சாய்வு. “கேம்பர் ஏத்திடலாம் சார்” என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்த நிலையில் பின்சக்கரத்தின் தலை ஒன்று முதல் இரண்டு டிகிரி உள்ளே சாய்ந்திருக்க வேண்டும், அதுதான் அளவு.

ஷாக் அப்சார்பருக்கு வருவோம். கிட்டில் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்கத்தக்கது இதுதான். ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது, ஆட்டத்தை நிறுத்துவது ஷாக். மென்மையான ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் சேர்ந்த கார் நம் ரோட்டில் கடின ஸ்பிரிங் காரைவிட வேகமாகவும் அமைதியாகவும் போகும், நான் ஓட்டிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அட்ஜஸ்டபிள் ஷாக் வந்ததும் நான்கையும் மிக மென்மையான நிலையில் வைத்துத் தொடங்குங்கள். ஊருக்குள் மேம்பாலத்தின் இணைப்புகள் வரிசையாக வரும் ஒரு பாதையைத் தேர்ந்து, ஒரே வேகத்தில், ஒரே ஆளோடு ஓட்டுங்கள். இணைப்பைத் தாண்டியபின் மூக்கு ஒரு முறைக்கு மேல் ஏறி இறங்கினால் முன்பக்கம் இரண்டு கிளிக் கூட்டுங்கள். ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாகக் குலுக்கிப் போட ஆரம்பித்தால் ஒன்று குறையுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். பின்பக்கம் எப்போதும் முன்பக்கத்தைவிட ஒரு படி மென்மையாகவே இருக்கட்டும். சில வகைகளில் ஷாக்கைக் கழற்றி, முழுக்க அமுக்கித் திருகித்தான் மாற்ற முடியும். அப்படிப்பட்டதை வாங்கினால் இந்தப் பொறுமையான சோதனை நடக்காது, வண்டியில் இருந்தபடியே திருகும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பி வெளியே தெரிகிற வகை என்றால் இன்னொரு சோதனை உண்டு. கம்பியில் ஒரு சின்னக் கேபிள் டையைக் கட்டி, கீழே ஷாக்கின் உடம்போடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள். ஷாக் எவ்வளவு உள்ளே போனதோ அந்த இடத்தில் டை நிற்கும். அது மேலே ரப்பர் ஸ்டாப் வரைக்கும் போயிருந்தால் உயரம் போதவில்லை, அல்லது ஷாக் மிகவும் மென்மை. நடுவிலேயே நின்றுவிட்டால் ஸ்பிரிங்கோ ஷாக்கோ தேவைக்கு மேல் கடினம். ஒரு விரல் இடம் மிச்சம் விட்டு நின்றால் அதுதான் நம் ரோட்டுக்குச் சரி.

புஷ் பற்றி. ரப்பர் புஷ் முறுக்கிக் கொடுத்து வேலை செய்கிறது, பாலியூரித்தேன் வழுக்கி வேலை செய்கிறது. வழுக்க வேண்டும் என்றால் அதற்குரிய கிரீஸ் வேண்டும், நம் தூசியும் தேங்கிய மழைத் தண்ணீரும் அந்தக் கிரீஸைச் சாப்பிட்டுவிடும், பிறகு கிறீச்சென்று கத்தும். ஆன்டி ரோல் பாரைப் பிடிக்கும் இடத்திலும் ஸ்டியரிங் ரேக்கைப் பிடிக்கும் இடத்திலும் பாலியூரித்தேன் போடுங்கள், அங்கே இறுக்கம் நல்லது. விஷ்போன்களுக்கும் பின்சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ராடுக்கும் நல்ல ரப்பரே போதும். போடும்போது ஒரே ஒரு விஷயத்தில் பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கார் லிஃப்டில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கியே நிற்கும், சீக்கிரம் கிழியும், காரும் இருக்க வேண்டியதைவிட உயரமாக நிற்கும். போல்ட்டை லேசாக மாட்டி, காரை இறக்கி, சீட்டில் ஆள் எடைக்கு மூட்டை வைத்து, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, அப்புறம்தான் முழு இறுக்கம்.

முன்பக்கம் கீழே ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைக் கட்டை இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் துண்டின் கீழ்நுனியில் மரை, அது இந்தப் பித்தளைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழல்கிறது. இடதுக்கும் வலதுக்கும் மரையின் திசை வேறு, மாற்றிப் போட முடியாது. இதற்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் இல்லை, கியர் ஆயில், ஈபி 90. கிரீஸ் அந்த மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே தண்ணீர் நின்று இரும்பு துருப்பிடிக்கும், ஒருநாள் திருப்பத்தில் நிமிர்ந்த துண்டு மரைக்கு மேலே முறிந்து சக்கரம் மடிந்துவிடும். வேளச்சேரியில் மழைக்குத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஓட்டி வந்தால் மறுநாளே ஆயில் துப்பாக்கியை எடுங்கள். மேலே சீல் ஓரத்தில் புது எண்ணெய் கசியும்வரை அடியுங்கள். முதலில் வருவது கறுப்பாக, தண்ணீர் கலந்து பால்போல வரும், தெளிந்த பிறகு நிறுத்தலாம். சஸ்பென்ஷனில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டயருக்குக் கவலை வேண்டாம், 145/80 13 அளவு வேகன் ஆருக்கு வந்தது, கடையில் கிடைக்கும். காற்றில்தான் எல்லோரும் தவறுவது. பெட்ரோல் பங்கில் கேட்காமலே நான்கிலும் 30 பிஎஸ்ஐ அடித்துவிடுவார்கள். இந்தக் காருக்கு முன்னால் 21, பின்னால் 26 என்று தொடங்குங்கள். முன்னால் குறைவாக, பின்னால் அதிகமாக இருப்பது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வராமல் இருக்கத்தான், அந்த வித்தியாசத்தை அழிக்காதீர்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, காலையில் கார் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

அலைன்மெண்ட் கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் கார் இருக்காது. எண்களை எழுதிக் கொண்டு போங்கள். முன்பக்க டோ இன் (சக்கரங்களின் முன்னோரம் உள்ளே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள், முன்பக்கக் கேம்பர் பூஜ்யம் முதல் அரை டிகிரி உள்சாய்வு. கீழ் விஷ்போன் சேஸிஸில் உட்காரும் இடத்தில் ஷிம் தகடு சேர்த்தால் உள்சாய்வு கூடும், எடுத்தால் குறையும்.

எதையும் ஆர்டர் செய்வதற்கு முன்னால் இந்த வாரம் ஒரு அளவு எடுத்துவிடுங்கள். டேங்க் பாதி, சீட்டில் நீங்கள், டயரில் மேலே சொன்ன காற்று. காரை ஜாக்கியில் தூக்கியிருந்தால் பத்தடி உருட்டிய பிறகுதான், தூக்கி இறக்கியதும் பின்சக்கரம் கால் மடங்கியே நிற்கும், உருண்டால்தான் விரியும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து, பின்சக்கரத்தின் சாய்வை ஒரு தூக்குக் குண்டு நூலால் பார்த்து அனுப்புங்கள். இடது வலது வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பட்டைக் கட்டில் ஒரு பட்டை உடைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், ஸ்விங் ஸ்பிரிங் பேச்சு அதற்கு அப்புறம்.